மெயில் போனதற்கு என்ன சாட்சி?

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் மூன்று வருடம் தொந்தரவில்லாமல் ஓடியது. பில் போட்டதும் அதன் பிடிஎஃப் நகல் வாங்குபவருக்கு மெயிலில் போய்விடும். ஒரு நாள் கரூர் வியாபாரி ஒருவர் மில்லுக்குப் போன் போட்டு, நாலு பில் வரவே இல்லை, வராத பில்லுக்கு நான் எப்படிப் பணம் போடுவது என்று கேட்டிருக்கிறார். கணக்குப்பிள்ளை என்னைப் பிடித்தார். “தம்பி, போச்சா போகலையா? ஒத்த வார்த்தைல சொல்லு.” லாக் கோப்பைத் திறந்தேன். நாலு பில்லுக்கும் நாலு வரி இருந்தது. நாலிலும் ஒரே வாசகம்: ‘மெயில் அனுப்பப்பட்டது’. எழுதியவன் நான்தான். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரு செயலி மெயில் அனுப்பும்போது எதை எழுதி வைக்க வேண்டும், எவ்வளவு, யார் பார்ப்பதற்கு, எத்தனை நாளைக்கு? மென்பொருள் எழுதுகிறவர்கள் கடைசி நாளில் ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலை இது. ஆனால் பேகம்பூர்த் தோல் கிடங்கிலிருந்து சின்னாளபட்டிச் சுங்குடிக் கடை வரைக்கும் பில்லும் ரசீதும் கணினி வழியாகப் போகத் தொடங்கிய பிறகு, மெயில் தகராறு என்பது பணத் தகராறு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பில் அரசாங்கக் கணினியில் ஏறிய நிமிடம் துல்லியமாகத் தெரிகிறது. அது வாங்குபவர் கைக்குப் போன நிமிடம்தான் தெரிவதில்லை.

என் வரியில் இருந்த கோளாறு, அது என் வார்த்தையாக இருந்ததுதான். ‘அனுப்பினேன்’ என்று நானே சொல்வது சாட்சியாகாது. வாங்கியவர் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொன்னதை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்திருந்தால் அது சாட்சி. மெயில் லாக்கைப் பற்றி நான் படித்ததும் பட்டதும் எல்லாம் இந்த ஒன்றில்தான் வந்து நிற்கின்றன.

சிட்டை

பழைய கணக்கு முறையில் சிட்டை வேறு, பேரேடு வேறு. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கு விடிய விடிய லாரி வந்து போகிற நேரத்தில் யாரும் பேரேட்டைத் திறப்பதில்லை. மூட்டை இறங்க இறங்க, நடந்த வரிசையில், அந்தந்த நிமிடத்தில் எழுதுவது சிட்டை. ஆள்வாரியாகப் பிரித்துப் பற்று வரவு போடுவது பேரேடு. அது பொறுமையாக நடக்கும். லாக் என்பது சிட்டை. அதில் அடித்தல் திருத்தல் கூடாது. பிறகு யோசித்து எழுதியது கூடாது. நிறையப் பேர் லாக்கைப் பேரேடு மாதிரி எழுதுகிறார்கள்; வேலை முடிந்த பிறகு ‘எல்லாம் நலம்’ என்று ஒரு வரி. வேலை பாதியில் செத்துப்போனால் அந்த வரியும் இல்லை, எதுவுமே இல்லை.

லாக் எழுதும் பழக்கமே மெயிலில் இருந்துதான் பெரிதாக வளர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்ற மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன், அதன் நடவடிக்கைகளை எழுதி வைப்பதற்காக 1980களில் சிஸ்லாக் என்ற தனி ஏற்பாட்டைச் செய்தார். அது மெயிலை விட்டு வெளியே வந்து யூனிக்ஸ், லினக்ஸ் இயந்திரங்களுக்கெல்லாம் பொதுப் பதிவேடாகிவிட்டது. பிறந்த வீட்டு அடையாளம் இன்னும் போகவில்லை. சிஸ்லாக்கில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண் உண்டு. கெர்னலுக்கு 0, பயனர் நிரல்களுக்கு 1, அடுத்த 2 மெயிலுக்கு. லினக்ஸ் சர்வர்களில் மெயிலுக்கென்று தனி லாக் கோப்பு இருப்பதும் இந்த வழக்கத்தால்தான்.

அந்தப் பழைய வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ‘மார்ச் 5, 10:12:01’ என்று மாதமும் நாளும் நேரமும் எழுதும். ஆண்டு கிடையாது, எந்த ஊர் நேரம் என்பதும் கிடையாது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 என்ற இணையத் தர ஆவணம் ஆண்டையும் நேர மண்டலத்தையும் சேர்த்தது. ஆனாலும் எத்தனையோ இயந்திரங்களில் பழைய வடிவமே ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருட மார்ச் 5ஆ, இந்த வருட மார்ச் 5ஆ என்று வக்கீல் கேட்டால் கோப்பின் பெயரைப் பார்த்து ஊகித்துச் சொல்ல வேண்டியதுதான்.

மூன்று இலக்கப் பேச்சு

மெயில் கைமாறும் முறையை 1982இல் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் எழுதினார். எஸ்எம்டிபி என்று பெயர். இன்று நடப்பில் இருப்பது 2008இன் ஆர்எஃப்சி 5321. இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றுதான்: இரண்டு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும், வாங்குகிற பக்கம் ஒவ்வொரு பேச்சுக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 2இல் தொடங்கினால் சரி. 3 என்றால் மேலே சொல். 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் வராதே.

இதில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் சட்டம் போன்ற கனம் உண்டு. கடிதத்தின் முழு உடலையும் கொடுத்து, கடைசியில் ஒற்றைப் புள்ளி வைத்து முடித்த பிறகு வருகிற 250. அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கடிதத்தின் பொறுப்பை எதிர்ப்பக்கம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். இனி அது போய்ச் சேராவிட்டால் அதைத் திருப்பித் தெரிவிக்க வேண்டியது அவர்கள் கடமை. அந்த 250க்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். அவர்கள் தங்கள் சிட்டையில் இந்தக் கடிதத்துக்கு இட்ட எண் அது. லாரி ஆபீசில் சரக்கைப் போட்டுவிட்டு வாங்கும் எல்.ஆர். நம்பர் மாதிரி. அந்த எண் இல்லாமல் எதிர்ப்பக்கத்துக்குப் போன் போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. என் நாலு வரியிலும் அது இல்லை.

4இல் தொடங்கும் பதில்களைப் பார்த்துப் புதியவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். முன்பின் தெரியாத அனுப்புநரை முதல் தடவை வேண்டுமென்றே திருப்பி அனுப்பி, மறுபடி வருகிறானா என்று பார்க்கும் வழக்கம் 2003இல் தொடங்கியது, கிரேலிஸ்டிங் என்பார்கள். ஸ்பேம் அனுப்புகிறவன் பெரும்பாலும் திரும்ப வரமாட்டான், நிஜ சர்வர் வரும் என்ற கணக்கு. லாக்கில் முதலில் 450 அல்லது 451, சில நிமிடம் கழித்து 250 என்று இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம். மறுமுயற்சிக்குக் குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும், கைவிடுமுன் 4, 5 நாளாவது முயல வேண்டும் என்பது ஆர்எஃப்சியின் அறிவுரை. ஆகவே ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லும் ‘வெற்றி’யைப் போலவே உதவாத சொல். எத்தனையாவது முயற்சி என்பதும் வரியில் இருக்க வேண்டும்.

மூன்று இலக்கத்தோடு புள்ளி வைத்த இன்னொரு எண்ணும் வரும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. 5.7 வரிசை என்றால் உங்களை நம்ப மறுக்கிறார்கள். 2022 மே 30க்குப் பிறகு சாதாரண பாஸ்வேர்டை வைத்து வேற்று மென்பொருள்கள் நுழைவதை ஜிமெயில் நிறுத்தியது. இனி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வேண்டும் என்றது. அந்த வாரம் எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. எல்லா லாக்கிலும் ஒரே 535, 5.7.8. எண்ணை எழுதி வைத்திருந்த கடைகளுக்குப் பத்து நிமிட வேலை. ‘மெயில் பிழை’ என்று மட்டும் எழுதி வைத்திருந்த கடைகளில் இன்டர்நெட் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் ஜிமெயிலும் யாஹூவும் எஸ்பிஎஃப், டிகிம் சரிபார்ப்புகளைக் கட்டாயமாக்கியபோதும் இதே கதைதான். அப்போது வந்த எண் 5.7.26.

கருவிகள் மறைப்பவை

மெயில் அனுப்ப யாரும் எஸ்எம்டிபியை நேரடியாகப் பேசுவதில்லை. ஏதாவது நூலகத்தை வைத்துத்தான் அனுப்புகிறோம். அந்த நூலகங்கள் நமக்கு நல்லது செய்வதாக எண்ணி, சாட்சியைக் குப்பையில் போட்டுவிடுகின்றன. இதில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

பைத்தானின் எஸ்எம்டிபிலிப்பை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு ஒரு மெயில் அனுப்புகிறீர்கள். இரண்டு முகவரியை எதிர்ப்பக்கம் ஏற்கவில்லை. நிரல் தவறு என்று கத்துமா? கத்தாது. ஐந்து பேரும் மறுக்கப்பட்டால் மட்டுமே அது பிழையை எழுப்பும். ஒருவராவது ஏற்கப்பட்டால், மறுக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திருப்பித் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். அந்தப் பட்டியலை வாங்கிப் பார்க்காத நிரல்கள்தான் ஏராளம். அதைவிட மோசம், கடைசி 250க்குப் பின்னால் வரும் அந்த எல்.ஆர். நம்பரை இந்த நூலகம் நமக்குத் தருவதே இல்லை. வெற்றி என்று தெரிந்ததும் எறிந்துவிடுகிறது. வேண்டுமானால் ஒவ்வொரு கட்டளையாக நாமே கொடுத்து, டேட்டா கட்டளையின் பதிலைக் கையில் பிடித்து எழுத வேண்டும். டீபக் அளவை ஏற்றினால் முழு உரையாடலும் கொட்டும். ஆனால் அது பைத்தானின் லாகிங் ஏற்பாட்டைத் தாண்டி நேரே திரைக்குப் போகிறது. சர்வீஸாகப் பின்னணியில் ஓடும் நிரலுக்குத் திரை ஏது?

ஜாவாமெயிலில் (இன்று ஜகார்த்தா மெயில்) வேறு வம்பு. இணைப்புக்கும் பதிலுக்கும் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது முடிவில்லாமல் காத்திருக்கும். எதிர் சர்வர் தொங்கினால் உங்கள் நிரலும் அதோடு தொங்கும். பிழை வராது, ஆகவே லாக்கில் ஒன்றும் விழாது. இதற்கு நான் கண்ட மருந்து, நேர வரம்பு வைப்பது மட்டுமல்லாமல், அனுப்பத் தொடங்கும் முன் ஒரு வரி, முடிந்த பின் ஒரு வரி என்று இரண்டு எழுதுவது. தொடக்கம் இருந்து முடிவு இல்லாத பில் எது என்று தேடினால் தொங்கியது எங்கே என்று தெரிந்துவிடும். கடைசிப் பதிலைக் கேட்டு வாங்க ஜாவாவில் வழி இருக்கிறது, அது ஒரு புண்ணியம்.

பிஎச்பியின் பழைய மெயில் கட்டளை ‘சரி’ என்று திருப்பினால், உள்ளூர் இயந்திரத்தில் இருக்கும் மெயில் நிரல் வாங்கிக்கொண்டது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. வாசல் பெட்டியில் போட்டதைத் தபால் சேர்ந்தது என்று சொல்வது மாதிரி. பிஎச்பிமெயிலர் நூலகம் இதைவிட நூறு மடங்கு மேல். எதிர்ப்பக்கம் கொடுத்த பரிவர்த்தனை எண்ணைக் கேட்டால் தரும். நோடுமெயிலர்தான் இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது. ஏற்கப்பட்டவர், மறுக்கப்பட்டவர், எதிர்ப்பக்கத்தின் கடைசி வாக்கியம், மெசேஜ்-ஐடி என்று நாலையும் கேட்காமலே கையில் கொடுக்கிறது. அப்படியே எழுதி வைத்தால் போதும்.

ஒரே எண்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே ந.க. எண் இருக்கும். பதில் எழுதினால் அந்த எண்ணைச் சொல்லித்தான் எழுத வேண்டும். கோப்பு எத்தனை மேசை மாறினாலும், எந்த எழுத்தர் மாறினாலும், எண் மாறாது. அரசாங்க அலுவலகத்தில் காரியம் தாமதமாகலாம். கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் எண்ணை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

மெயிலில் இந்த ஒழுக்கம் இயல்பாக வருவதில்லை. பில்லுக்கு நம் எண் ஒன்று. மெயிலுக்கு மெசேஜ்-ஐடி ஒன்று. நம் சர்வரின் வரிசையில் ஒரு எண், எதிர் சர்வரில் ஒரு எண். அமேசான் எஸ்இஎஸ் போலவோ, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் செப்டோமெயில் போலவோ இடைத்தரகர் வழியாக அனுப்பினால் அவர்கள் இன்னொரு எண் தருவார்கள். இவற்றைச் சேர்த்துக் கட்டும் வரி எங்காவது ஒரு இடத்தில் இருக்க வேண்டும். இ-இன்வாய்ஸின் ஐஆர்என் எண்ணை வைத்துக் கட்டலாமே என்று ஒருவர் கேட்டார். அது 64 எழுத்து. கரூர்க்காரர் அதைப் போனில் படித்துச் சொல்லி நான் தட்டச்சு செய்வதற்குள் மில் ஷிப்ட் முடிந்துவிடும். பில் எண்ணே போதும். மனிதர்கள் பேசிக்கொள்ளும் எண் அதுதான்.

கரூர் விவகாரம் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாலு மெயிலையும் இடைத்தரகர் சர்வர் 250 சொல்லி வாங்கியிருந்தது. அங்கிருந்து வியாபாரியின் பெட்டிக்குப் போனபோது 5.2.2. பெட்டி நிறைந்திருந்தது. ஆர்எஃப்சி சொல்கிற கடமைப்படி அந்தச் சர்வர் நாலு முறையும் ‘சேர்க்க முடியவில்லை’ என்று திருப்பி எழுதியிருக்கிறது. எந்த முகவரிக்கு? பதில் போடாதீர்கள் என்று அர்த்தம் வரும்படி நான் வைத்திருந்த ‘நோ-ரிப்ளை’ பெட்டிக்கு. அதை மூன்று வருடமாக யாரும் திறக்கவில்லை. அதில் அதுவரை சேர்ந்திருந்த திருப்பல்களைப் பார்த்தபோது கணக்குப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆகவே செயலி எழுதும் லாக் பாதிச் சிட்டைதான். மறுபாதி சில நிமிடமோ சில நாளோ கழித்துத் திருப்பல் மெயிலாக வருகிறது. அதை ஒரு நிரல் படித்து அதே பில் எண்ணின் கீழ் எழுதினால்தான் பதிவு முழுமையாகும். திருப்பல் எந்தப் பில்லுக்கு என்று கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு: ஒவ்வொரு மெயிலின் திரும்பும் முகவரிக்குள்ளும் அதன் எண்ணைப் புதைத்து அனுப்புவது. க்யூமெயில் எழுதிய டான் பெர்ன்ஸ்டைன் 1990களில் பரப்பிய முறை. அனுப்புநர் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு 1187 என்று இருந்தால், திரும்பி வருவது 1187ஆம் பில்தான்.

படித்தாரா என்ற கேள்விக்கு மட்டும் விடை தேடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றை வைத்து, அது திறக்கப்பட்டால் படித்தார் என்று கணக்கிடுவது ஒரு காலத்தில் பலித்தது. 2013 டிசம்பரிலேயே ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாக எடுக்கத் தொடங்கியது. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில், யாரும் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அந்தக் கணக்கு வெறும் ஜோசியம்.

எழுதக் கூடாதவை

டீபக் அளவை நிரந்தரமாக ஏற்றி வைத்துவிட்டால் எல்லாம் கிடைக்குமே என்று தோன்றும். எல்லாமே கிடைக்கும், கிடைக்கக் கூடாததும். உள்நுழைவின்போது பாஸ்வேர்டு பேஸ்64 வடிவத்தில் போகிறது. பார்க்கப் பூட்டியது போல இருக்கும். பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் இருந்துகொண்டு சொல்கிறேன், அது பூட்டே இல்லை. எழுத்து மாற்றி எழுதியது மட்டும்தான். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் திருப்பிப் படிக்கலாம். ஜாவாமெயில் தன் டீபக் வெளியீட்டில் இந்தப் பகுதியைத் தானாக மறைத்துவிடுகிறது. எல்லாக் கருவியும் அத்தனை யோக்கியம் இல்லை.

பெரிய இடங்களிலேயே இது நடந்தது. 2018 மே மாதம் ட்விட்டர், உள் லாக் ஒன்றில் பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் பதிவாகிவிட்டன, 33 கோடிப் பயனர்களும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. அதே வாரத்தை ஒட்டி கிட்ஹப்பும் அதே தவறைச் சொன்னது. 2019இல் ஃபேஸ்புக். அந்தக் கடைசிக் குற்றத்துக்கு 2024 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் மெட்டாவுக்கு 9.1 கோடி யூரோ அபராதம் போட்டது. திருடன் வந்ததற்காக அல்ல, எழுதி வைத்ததற்காக.

பாஸ்வேர்டோடு போகவில்லை. ஓடிபி, பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பு, மருத்துவப் பரிசோதனை முடிவு, சம்பளப் பட்டியல் என்று மெயில் உடலில் என்னென்னவோ இருக்கும். உடல் லாக்கில் வேண்டாம். இடத்தைப் பார்த்தாலும் கட்டுப்படியாகாது: 2 எம்பி பிடிஎஃப் மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்து 2.7 எம்பி ஆகிவிடும். நாளைக்கு 300 பில் என்றால் டீபக் லாக் மட்டும் 800 எம்பி. வட்டு நிறைந்து பில்லிங்கே நின்ற கடையை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியாள் எழுதியதை அப்படியே லாக்கில் போடுவதிலும் ஆபத்து. மெயில் தலைப்பில் ஒருவன் வரி முறிப்பைச் செருகினால் உங்கள் லாக்கில் அவன் இஷ்டத்துக்கு ஒரு பொய் வரி உருவாகும். 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்ஃபோர்ஜே ஓட்டை இதன் உச்சம். லாக்கில் எழுதச் சொன்ன வாசகத்தையே அந்த நூலகம் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது. அபாய மதிப்பீடு பத்துக்குப் பத்து. எழுதுகிற எழுத்தரையே ஏமாற்றிக் கல்லாவைத் திறக்க வைத்த கதை.

எந்த வரி எந்த மட்டத்தில் என்பதில் புத்தகங்கள் சொல்வதோடு எனக்கு ஒரு சண்டை. 2 என்றால் தகவல், 4 என்றால் எச்சரிக்கை, 5 என்றால் பிழை என்று எண்ணைப் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறார்கள். யார் எழுந்து வர வேண்டும் என்று பார்த்துப் பிரிப்பதே மேல். 5.1.1 வந்தால் முகவரியைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். அது கணக்குப்பிள்ளை வேலை, காலையில் பார்க்கலாம். 535 வந்தால் இனி ஒரு மெயிலும் போகாது. அது என் வேலை, இப்போதே. இரண்டையும் ‘பிழை’ என்று ஒரே கூடையில் போட்டால் நாளடைவில் இரண்டையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பிழை வந்தால் மெயில் அனுப்பு என்று லாக்பேக் போன்ற கருவிகளில் வசதி உண்டு. மெயில் அனுப்பும் பகுதிக்கே அதை வைத்துவிடாதீர்கள். மெயில் போகவில்லை என்பதைச் சொல்ல மெயில் போடும், அதுவும் போகாது, போகாததைச் சொல்ல இன்னொன்று.

தமிழும் கடிகாரமும்

தமிழில் தலைப்பு வைத்த மெயில் லாக்கில் எப்படித் தெரியும்? மெயில் தலைப்பு பழைய வழக்கப்படி ஆங்கில எழுத்துகளில்தான் பயணம் செய்யும். ‘திண்டுக்கல்’ என்ற சொல் யூனிகோடில் 11 குறிகள். யூடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். பேஸ்64இல் 44 எழுத்து. லாக்கில் அந்த 44 எழுத்துப் புரியாத சரம்தான் கிடைக்கும், தமிழில் தேடினால் அகப்படாது. கோப்பின் குறியாக்கத்தைச் சொல்லாமல் விட்ட சர்வரில் இன்னும் கேவலம்: சொல்லுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள். அது மீட்க முடியாத நஷ்டம். லாக் கோப்பு யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, தலைப்பைப் பிரித்துத் தமிழிலேயே எழுத வேண்டும்.

நேரம் இன்னொரு தொல்லை. மேகக் கணினிகள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும். இங்கே காலை 10 மணிக்குப் போன பில் அங்கே 4:30 என்று விழும். அதிகாலை 5:30க்கு முன் போனது முந்தின தேதியில் விழும். மாதத்தின் முதல் தேதியில் அது முந்தின மாதம். ஒவ்வொரு வரியிலும் +05:30 என்று சேர்த்து எழுதினால் இந்தச் சண்டை இல்லை.

கடையிலேயே இருக்கும் பழைய கணினிகளில் கடிகாரமே பொய் சொல்லும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து மாலையில் கணினியைப் போட்டால், மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். அப்போது மெயில் போகாது. லாக்கில் விழுவது ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற வரி. எதிர் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்காத காலத்தில் அந்தக் கணினி உட்கார்ந்திருக்கிறது! வரியின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்டைப் பார்த்தவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும்.

சட்டம் கேட்பது

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13ஆம் பிரிவு ‘அனுப்பியது’ என்ற சொல்லுக்கே விளக்கம் சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மின் ஆவணம் அனுப்புநரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ள கணினி வளத்துக்குள் நுழையும் நேரமே அனுப்பிய நேரம். பெறுநர் இந்த முகவரி என்று குறித்துச் சொல்லியிருந்தால் அந்தக் கணினிக்குள் நுழைவது பெற்ற நேரம். எஸ்எம்டிபி தெரிந்தவருக்கு இது பழகிய கணக்கு. நம் கையை விட்டுப் போனதற்கு முதல் 250, அவர் கைக்கு வந்ததற்குக் கடைசி 250. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் கரூர்ப் பெட்டி எனக்குக் காட்டியது. லாக் வரியை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமானால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது? மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாளுக்கு இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு பொருத்தச் சொல்கிறது. சிறு நிறுவனங்களுக்கும் 2022 செப்டம்பர் 25க்குப் பிறகு விலக்கு இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, சில லாக்குகளை ஓராண்டு வைக்கச் சொல்கின்றன. ஒரு பக்கம் குறைவாக எழுது என்கிறது, மறுபக்கம் நீண்ட நாள் வை என்கிறது. இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. கடிதத்தின் உடலை விட்டு, கைமாறிய செய்தியை மட்டும் எழுதுகிறவருக்கு ஓராண்டு லாக் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும்.

லினக்ஸ் சர்வர்களில் பழைய லாக்குகளைக் கழிக்கும் வேலையை லாக்ரொடேட் செய்கிறது. பெரும்பாலான இயந்திரங்களில் யாரும் தொடாமல் கிடக்கும் அதன் அமைப்பு, வாரம் ஒரு கோப்பு, நான்கு கோப்புக்கு மேல் அழி என்பது. 28 நாள்தான் கணக்கு. உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் அந்த 4 என்ற எண்ணை 26 ஆக்கச் சொல்லுங்கள். 182 நாள் வரும்.